வீட்டிலேயே கேரமல் ஆப்பிள்: நழுவாமல், பிசுபிசுக்காமல் செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

குச்சி செருகிய ஆப்பிளை, சர்க்கரையும் கிரீமும் சேர்த்துக் காய்ச்சிய கேரமல் பாகில் தோய்த்தெடுப்பதுதான் கேரமல் ஆப்பிள். இதைச் செய்ய முதன்முதலாக இறங்குபவர்கள் பாகைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கருகிவிடுமோ, கல்லாகிவிடுமோ என்று அடுப்பை விட்டு நகர மாட்டார்கள். பாகும் நன்றாகவே வரும். ஆனால் இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைப் பார்த்தால், கேரமல் எல்லாம் வழிந்து ஆப்பிளின் அடியில் குளம் கட்டியிருக்கும். மேல்பாதி மொட்டையாக நிற்கும். பத்தில் எட்டு முறை இதற்குக் காரணம் ஆப்பிளின் தோல்தான். அதில் மெழுகு இருந்திருக்கும், அல்லது ஈரம் இருந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாகுக்குக் கொடுக்கும் அதே அக்கறையைத் தோலுக்கும் கொடுத்திருக்கிறோம்.

இது அமெரிக்காவின் இலையுதிர்காலத் தின்பண்டம். செப்டம்பர், அக்டோபரில் ஆப்பிள் அறுவடை முடிந்து, அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் வரும்போது கடைகளிலும் வீடுகளிலும் குச்சி செருகிய ஆப்பிள்கள் வரிசை கட்டும். இதற்கு ஒரு மூத்த உறவு உண்டு: சிவப்பாகப் பளபளக்கும், கடித்தால் கண்ணாடி மாதிரி நொறுங்கும் கேண்டி ஆப்பிள். அது 1908இல் நியூஜெர்சியின் நெவார்க் நகரில் வில்லியம் கோல்ப் என்ற மிட்டாய்க்காரர் செய்தது என்பார்கள். இங்கிலாந்தில் டாஃபி ஆப்பிள் என்று நவம்பர் 5 வாணவேடிக்கை இரவில் தின்பதும் அந்த ரகம்தான். அவற்றில் வெறும் சர்க்கரைப் பாகு, 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சியது. கேரமல் ஆப்பிளில் பாலாடையும் வெண்ணெயும் சேரும். பாகு மென்மையாக, பல்லுக்கு இதமாக இழுபட வேண்டும். 1950களில் கிராஃப்ட் என்ற அமெரிக்க உணவு நிறுவனத்தில் வேலை பார்த்த டான் வாக்கர், ஹாலோவீனுக்குப் பின் மிஞ்சிய கேரமல் மிட்டாய்களை உருக்கி ஆப்பிளில் பூசியதிலிருந்து இது பரவியது என்று சொல்வார்கள்.

அதிரசத்துக்கும் கடலை உருண்டைக்கும் பாகு வைத்துப் பழகிய கைக்கு இதில் பாதி வேலை தெரிந்ததுதான். அதிரசப் பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் இளகிய உருண்டையாகத் திரளும். கடலை உருண்டைப் பாகு தண்ணீரில் கெட்டிப்பட்டு, தட்டில் போட்டால் ‘ணங்’ என்று சத்தம் கேட்கும். கேரமல் ஆப்பிளுக்கான பதம் இந்த இரண்டுக்கும் நடுவே, அதிரசத்துக்குச் சற்று மேலே இருக்கிறது.

எடுத்துவைக்க வேண்டியவை (8 ஆப்பிளுக்கு)

ஆப்பிள் 8, ஒவ்வொன்றும் 130 முதல் 160 கிராம்
சர்க்கரை 300 கிராம்
லிக்விட் குளுக்கோஸ் 150 கிராம்
தண்ணீர் 75 மில்லி
ஃப்ரெஷ் கிரீம் 300 மில்லி
உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம்
உப்பு அரை டீஸ்பூன்
வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன்
தடித்த மூங்கில் குச்சிகள் 8

ஆப்பிளைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள். கேரமல் இனிப்பின் உச்சம். உள்ளே இருக்கும் பழம் புளிப்பாகவும் கடினமாகவும் இருந்தால்தான் இரண்டும் பொருந்தும். அதனால்தான் அமெரிக்காவில் பலர் பச்சை நிற கிரானி ஸ்மித்தைத் தேடிப் போகிறார்கள். நம் ஊர்ப் பழக்கடைகளில் ‘கிரீன் ஆப்பிள்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். கிடைக்காவிட்டால் ஃபுஜி, பிங்க் லேடி, காலா மூன்றும் பரவாயில்லை. மொறுமொறுப்பு உண்டு, புளிப்பு குறைவு. காஷ்மீர், இமாச்சலிலிருந்து வரும் சிவப்பு டெலிஷியஸ் வகை சும்மா தின்ன அருமையாக இருக்கும். ஆனால் சில வாரம் குளிர்கிடங்கில் இருந்துவிட்டால் மாவாகிவிடும், கேரமலோடு கடிக்கும்போது உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி தோன்றும். பெரிய பழம் வாங்காதீர்கள். எடை கூடினால் குச்சி ஆடும், ஒரு வாய்க்குக் கிடைக்கும் கேரமலும் குறையும்.

லிக்விட் குளுக்கோஸ் என்பது கேக் சாமான் கடைகளில் டப்பாவில் விற்கும், தேனைவிடக் கெட்டியான, நிறமற்ற பாகு. வெயிலுக்குக் கரைத்துக் குடிக்கும் குளுக்கோஸ் பவுடர் வேறு. அது இந்த வேலையைச் செய்யாது. சர்க்கரை ஆறும்போது மீண்டும் படிகமாகச் சேரப் பார்க்கும். குளுக்கோஸ் பாகில் இருக்கும் நீளமான மூலக்கூறுகள் இடையில் புகுந்து அதைத் தடுக்கும். இல்லாமல் செய்தால் மறுநாள் கேரமல் மணல் மணலாக நாவில் உரசும். தேன் போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, கொழும்பு மாதிரியான கடலோர ஊர்களில் அரை நாளில் ஆப்பிள் வியர்த்துவிடும். எலுமிச்சைச் சாறும் படிகத்தைத் தடுக்கும் என்றாலும், பின்னால் ஊற்றும் கிரீம் அதில் திரிய வாய்ப்புண்டு.

கிரீம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ‘விப்பிங் கிரீம்’ என்று கேக் அலங்கரிக்க விற்பவற்றில் பல தாவரக் கொழுப்பில் செய்தவை, இனிப்பும் சேர்ந்திருக்கும். அவை வேண்டாம். பால் கிரீம் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். 25 சதவீதக் கொழுப்புள்ள சாதாரண டெட்ரா பேக் கிரீமே போதும். மேலே சொன்ன வெண்ணெய் அளவு அதைக் கணக்கில் கொண்டுதான்.

பாத்திரம் 3 முதல் 4 லிட்டர் கொள்ளளவு, அடி கனமானது, உட்புறம் வெள்ளியாகத் தெரியும் எவர்சில்வர். கறுப்பு நான்ஸ்டிக்கில் பாகின் நிறம் தெரியாது. ‘இவ்வளவு பெரிய பாத்திரமா’ என்று தோன்றும். கிரீம் ஊற்றும் அந்த நொடியில் பாகு மூன்று, நான்கு மடங்கு பொங்கி எழும்போது ஏன் என்று புரியும். 200 டிகிரி வரை காட்டும் சமையல் வெப்பமானி ஒன்று இருந்தால் நல்லது.

முதல் வேலை: மெழுகை எடுப்பது

பளபளவென்று மின்னும் கடை ஆப்பிள்களில் உண்ணத்தக்க மெழுகு பூசியிருப்பார்கள், பழத்தின் நீர் வற்றாமல் இருக்க. தின்பதால் கெடுதல் இல்லை. ஆனால் சூடான கேரமல் பட்டதும் அந்த மெழுகு உருகி, தோலுக்கும் பாகுக்கும் நடுவே எண்ணெய்ப் படலமாக நிற்கும். பாகு பிடிமானம் இல்லாமல் சறுக்கும்.

3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் ஊற்றுங்கள். ஆப்பிளை ஒவ்வொன்றாக ஜல்லிக் கரண்டியில் வைத்து எட்டு முதல் பத்து விநாடி முக்கி எடுங்கள். அதற்கு மேல் வைத்தால் தோல் வெந்து பழுப்பாகும். எடுத்த சூட்டோடு முரட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள். தோலில் வெள்ளையாக ஒரு மூட்டம் கிளம்பும், அதுதான் மெழுகு. அது போகும்வரை துடைக்க வேண்டும். காம்புக் குழியையும் அடிக் குழியையும் மறக்காதீர்கள், தண்ணீர் ஒளிந்துகொள்வது அங்கேதான்.

சரியாக வந்ததா என்று பார்க்க, காய்ந்த கட்டைவிரலைத் தோலில் அழுத்தி இழுத்துப் பாருங்கள். மெழுகு இருந்தால் விரல் வழுக்கிப் போகும். போய்விட்டிருந்தால் விரல் தடுக்கித் தடுக்கி ‘கிறீச்’ என்று நகரும். தோலின் மினுமினுப்பும் மங்கியிருக்கும்.

பிறகு காம்பைத் திருகி எடுத்துவிட்டு, மின்விசிறியின் கீழ் குறைந்தது 2 மணி நேரம் காயவிடுங்கள். முந்தைய இரவே செய்து வைத்துவிடுவது இன்னும் நல்லது. ஆனால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். குளிர்ந்த ஆப்பிளில் பாகு சீக்கிரம் உறையும் என்று சில குறிப்புகளில் இருக்கும். காற்றில் ஈரம் குறைந்த நாட்டில் அது செல்லும். நம் ஊர்க் காற்றில் குளிர்ந்த ஆப்பிளை வெளியே எடுத்த ஐந்தாவது நிமிடம் அதன்மேல் பனித்துளி கோத்துவிடும், துடைத்த பாடெல்லாம் வீண்.

தோல் முழுக்கக் காய்ந்த பிறகே குச்சி. ஐஸ் குச்சி மெல்லியது, 150 கிராம் பழத்தைத் தாங்கித் திருப்பும்போது வளையும். 5, 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள மூங்கில் குச்சிதான் நிற்கும். குச்சிகளை முன்பே பத்து நிமிடம் கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். காம்புக் குழியில் நேராக வைத்து, பழத்தின் முக்கால் ஆழம் வரை செலுத்துங்கள். அடிப்புறம் துளைத்து வெளியே வந்தால் சாறு கசியும், அந்த இடத்தில் பாகு ஒட்டாது. குச்சியைச் சுற்றிக் கசிந்த சாற்றைத் துடைத்துவிடுங்கள்.

ஒரு பெரிய தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, அதன்மேல் வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தயாராக வையுங்கள். பாகு தயாரான பின் இதற்கெல்லாம் நேரம் இருக்காது.

கேரமல் காய்ச்சுவது

பாகு தோலில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும், ஒட்டிக்கொண்டு இறங்கவும் மறுக்கும். குழந்தைகளை அடுப்படியிலிருந்து அனுப்பிவிடுங்கள். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ்கட்டி வைக்காதீர்கள்.

கிரீமையும் வெண்ணெயையும் ஒரு சிறிய பாத்திரத்தில் சேர்த்து, ஆவி வரும்வரை சூடாக்கி ஓரமாக வையுங்கள். குளிர்ந்த கிரீமை ஊற்றினால் பாகு வெடித்துச் சிதறும், கட்டி கட்டியாகவும் இறுகும்.

பெரிய பாத்திரத்தில் சர்க்கரை, குளுக்கோஸ், தண்ணீர் மூன்றையும் சேர்த்து மிதமான தீயில் வையுங்கள். சர்க்கரை கரையும்வரை மட்டும் கிளறலாம். கரைந்து கொதி வந்ததும் கரண்டியை எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிடம் மூடி போட்டு வைத்தால், ஆவி வழிந்து பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகள்களைக் கழுவிவிடும். அந்த ஒரு துகள் உள்ளே விழுந்தால் போதும், அதைச் சுற்றிப் படிகம் வளர்ந்து மொத்தப் பாகும் பூத்துப் போகும்.

மூடியை எடுத்தபின் பார்த்துக்கொண்டே இருங்கள். முதலில் பெரிய குமிழிகள் சத்தத்தோடு உடையும். தண்ணீர் வற்ற வற்றக் குமிழிகள் சிறுத்து, நெருங்கி, சோம்பலாக எழும். பிறகு ஓரத்தில் ஓரிடத்தில் வைக்கோல் நிறம் தெரியும். பாத்திரத்தைத் தூக்கி மெதுவாகச் சுழற்றினால் அந்த நிறம் பரவும். வைக்கோல் நிறம் தேன் நிறமாக, தேன் நிறம் பால் கலக்காத தேநீரின் நிறமாக மாற ஒரு நிமிடம்கூட ஆகாது. 165 முதல் 170 டிகிரி. தேநீர் நிறம் வந்ததும் அடுப்பை அணையுங்கள். புகை எழுந்தால் தாண்டிவிட்டது. கசப்பை எதனாலும் திருப்ப முடியாது, கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி.

சூடான கிரீமை மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பொங்கி எழுந்து அடங்கும். கையையும் முகத்தையும் தள்ளி வைத்து, நீளக் காம்புள்ள மரக்கரண்டியால் கலக்குங்கள். அடியில் கெட்டியாக எது சேர்ந்தாலும் கவலை இல்லை, மறுபடி தீயில் வைத்ததும் கரைந்துவிடும்.

இனி மிதமான தீயில், இப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கிரீமில் உள்ள பால்சத்து அடிபிடிக்கும். ஆனால் காற்று சேரும்படி அடித்துக் கலக்காதீர்கள். அடியைச் சுரண்டி நிதானமாகக் கிளறினால் போதும். 15 முதல் 20 நிமிடத்தில் 118 டிகிரியைத் தொடும். 110 வரை வேகமாக ஏறும், அதன்பின் ஒவ்வொரு டிகிரியும் சிணுங்கிச் சிணுங்கித்தான் வரும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் கொழுப்பு பிரிந்து எண்ணெய் மிதக்கும்.

118 என்பது கடல்மட்டக் கணக்கு. உங்கள் வெப்பமானியைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்து என்ன காட்டுகிறது என்று பாருங்கள்; அந்த எண்ணோடு 18 கூட்டினால் வருவதுதான் உங்கள் இலக்கு. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும், ஆகவே அங்கே 111இல் நிறுத்த வேண்டும். கருவியே ஒன்றிரண்டு டிகிரி தவறாகக் காட்டினாலும் இந்தக் கணக்கு அதையும் சரிசெய்துவிடும்.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது தண்ணீர்க் கிண்ணம். ஐஸ் போட்ட தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, பத்து விநாடி கழித்து விரலால் திரட்டுங்கள். விரலில் எடுத்ததும் உருண்டை தட்டையாகச் சரிந்தால் இன்னும் வேண்டும். உருண்டை வடிவம் மாறாமல் நின்று, அழுத்தினால் மட்டும் மெழுகு மாதிரி அமுங்கிக் கொடுத்தால் அதுதான் பதம். அழுத்தியும் அமுங்காவிட்டால் தாண்டிவிட்டது. ஒவ்வொரு சோதனையின்போதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். நீங்கள் உருட்டிப் பார்க்கும் அரை நிமிடத்தில் பதம் ஓடிப்போகும்.

இறக்கி, உப்பும் வெனிலாவும் சேர்த்துக் கலந்து, தொடாமல் வையுங்கள்.

தோய்ப்பது

காய்ச்சிய சூட்டிலேயே தோய்த்தால் பாகு தண்ணீராக ஓடும், ஆப்பிளின் தோலும் வெந்து ஈரம் விடும். 90 முதல் 95 டிகிரிக்கு வரும்வரை பொறுங்கள், பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். கரண்டியைத் தூக்கினால் பாகு அகலமான நாடாவாக விழுந்து, மேலே இரண்டு விநாடி தடம் தெரிந்து மறைய வேண்டும். 80 டிகிரிக்குக் கீழே போனால் திட்டுத் திட்டாகப் பூசும். சிறு தீயில் ஒரு நிமிடம் காட்டி இளக்கிக்கொள்ளலாம்.

பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, பாகு ஒரு பக்கம் ஆழமாகச் சேரட்டும். ஆப்பிளைப் படுக்கவைத்து ஒரு முழுச் சுற்று உருட்டுங்கள். மேல் விளிம்பில் ஒரு விரல் அகலம் தோல் தெரியும்படி விடுவது நல்லது, குச்சி துளையருகே சாறு கசிந்தாலும் பூச்சு கிளம்பாது. தூக்கிப் பிடித்து 20 விநாடி வழியவிட்டு, அடியைப் பாத்திர விளிம்பில் ஒருமுறை தேயுங்கள். பிறகு தலைகீழாகத் திருப்பி, குச்சி கீழே வர, ஐந்தாறு விநாடி பிடியுங்கள். வழிந்த பாகு திரும்பி ஓடி பூச்சு சமமாகும். அதன்பின் தட்டில் நிறுத்துங்கள்.

எப்படிச் செய்தாலும் அடியில் கொஞ்சம் பாகு பரவும். பத்து நிமிடம் கழித்து, கையில் வெண்ணெய் தொட்டுக்கொண்டு அதைப் பழத்தோடு ஒட்டி மேல்நோக்கித் தள்ளிவிடுங்கள்.

வறுத்துக் கொரகொரப்பாக உடைத்த வேர்க்கடலைதான் இதற்கு மேல்பூச்சில் முதல் தேர்வு. சிகாகோவில் இதை டேஃபி ஆப்பிள் (taffy; இங்கிலாந்தின் டாஃபி ஆப்பிள் வேறு) என்று கடலையோடுதான் விற்பார்கள். வறுத்த எள்ளும் மிக நன்றாகப் பொருந்தும். தோய்த்த உடனே ஒட்டவைத்தால் கடலையின் எடையே பாகை இழுத்துக்கொண்டு இறங்கும், ஒன்றிரண்டு நிமிடம் பொறுத்து ஒட்டுங்கள். சாக்லேட் கோடு இழுப்பதானால் கேரமல் முழுக்க உறைந்தபின்.

கெட்டுப்போனால்

பூச்சில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் எழுந்தால் ஒன்று தோலில் ஈரம், இல்லை பாகைக் கலக்கும்போது காற்று. ஆறியபின்னும் கேரமல் ஓடிக்கொண்டே இருந்தால் பதம் போதவில்லை. பூச்சைச் சுரண்டி மறுபடி 118 வரை காய்ச்சி, ஆப்பிளைக் கழுவிக் காயவைத்துத் தோய்க்கலாம். பல்லில் சிக்கிக் கழற்றவே முடியாத அளவு இறுகினால், மிச்சப் பாகில் 2 டேபிள்ஸ்பூன் கிரீம் சேர்த்துச் சிறு தீயில் இளக்குங்கள். எண்ணெய் பிரிந்து மிதந்தால், இறக்கிவைத்து ஒரு டேபிள்ஸ்பூன் கொதிநீர் விட்டு வேகமாக அடித்தால் பெரும்பாலும் சேர்ந்துகொள்ளும். மணல் மணலாகிவிட்டால் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி எல்லாம் கரையும்வரை சூடேற்றி மறுபடி காய்ச்சலாம், ஆனால் சுவை சற்று மங்கும். ஐப்பசி அடைமழை நாளில் செய்யாமல் இருப்பதே உத்தமம். செய்தே ஆக வேண்டுமென்றால் ஏசி அறையில் உறையவிட்டு, உறைந்த உடனே செலோபேன் தாளில் சுற்றிவிடுங்கள்.

வெளியே வைக்காதீர்கள்

இதை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். 2014 இறுதியில் அமெரிக்காவில் கடையில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா கிருமித் தொற்று பரவி, 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 34 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். ஆப்பிள் புளிப்பு, கேரமலில் தண்ணீர் குறைவு, தனித்தனியே இரண்டிலும் அந்தக் கிருமி வளராது. பிறகு எப்படி? விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காரணத்தைக் காட்டினார்கள். குச்சி குத்தியதும் சாறு கசிந்து, தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே மெல்லிய படலமாகப் பரவுகிறது. அந்த இடுக்கில் கிருமிக்குத் தேவையான ஈரமும் சர்க்கரையும் கிடைத்துவிடுகின்றன. தோலில் ஏற்கெனவே கிருமி இருந்த, குச்சி செருகிய ஆப்பிள்களை 25 டிகிரி அறையில் வைத்தபோது மூன்றே நாளில் அது ஆயிரம் மடங்கு பெருகியது. குச்சி இல்லாதவற்றிலும் குளிரில் வைத்தவற்றிலும் வளர்ச்சி மிக மெதுவாகவே இருந்தது.

எனவே செய்த அன்றே தின்பதுதான் சிறந்தது. மிஞ்சியதை உறைந்தவுடன் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் வீட்டில் இருந்தால் அவர்களுக்குக் குச்சியே வேண்டாம். ஆப்பிளைத் துண்டு போட்டு, வெதுவெதுப்பான கேரமலைக் கிண்ணத்தில் வைத்து, தொட்டுத் தொட்டு அப்போதே தின்னக் கொடுங்கள். சுவையில் ஒரு குறையும் இருக்காது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை 15 நிமிடம் வெளியே வைத்த பிறகு கடியுங்கள், அப்போதுதான் கேரமல் இளகும். சிறுவர்களுக்கு, குச்சியை உருவிவிட்டு வெண்ணெய் தடவிய கத்தியால் வகிர்ந்து கொடுப்பது பல்லுக்கு நல்லது.

எட்டு ஆப்பிளுக்குப் பிறகும் பாத்திரத்தில் கொஞ்சம் கேரமல் நிற்கும், தோய்க்க ஆழம் வேண்டும் என்பதால் அளவே அப்படி வைத்திருக்கிறோம். வெண்ணெய் தடவிய சிறு தட்டில் ஊற்றி, மறுநாள் துண்டு போட்டு, ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி வைத்தால் ஒரு டப்பா மிட்டாய். ஒட்டிக்கொண்ட பாத்திரத்தைத் தேய்த்துக் கை வலிக்க வேண்டாம். தண்ணீர் நிரப்பி ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் எல்லாம் கரைந்து வந்துவிடும்.